புருஷன் அடிச்சா ஸ்டேஷன் மட்டும்தானா வழி?

"கம்ப்ளைன்ட் குடுத்தா அவர தூக்கி உள்ள வெச்சிருவாங்க, அப்புறம் பிள்ளைங்க கதி?"னு நெனச்சே பல பேர் வாயே தொறக்குறதில்ல. ஜெயிலுக்கு அனுப்பாமலே அடிய நிறுத்த ஒரு சட்டம் இருக்குங்க, 2005 குடும்ப வன்முறை பாதுகாப்பு சட்டம். பொண்டாட்டிக்கு மட்டும் இல்ல, அம்மா, தங்கச்சி, கல்யாணம் பண்ணாம குடும்பமா சேர்ந்து வாழ்ற பொண்ணுங்கன்னு எல்லாருக்கும் இது உண்டு.

இப்பவே உயிருக்கு ஆபத்துன்னா 112, இல்ல பெண்களுக்கான 181, எதையும் யோசிக்காம போன் போடுங்க. காயம் பட்டிருந்தா ஜிஹெச் போங்க, அங்க மட்டும் "பாத்ரூம்ல வழுக்கிருச்சு"னு சொல்லிடாதீங்க (நம்மாளுங்க முக்கால்வாசி இதத்தான் சொல்றோம்!), யார் அடிச்சா, எதால அடிச்சான்னு சொன்னாதான் ஏஆர்ல (ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேடு) பதிவாகும், பின்னாடி கோர்ட்ல அதுதான் பேசும்.

அடுத்து மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க. நடந்தத சொன்னா அவங்களே அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்கன்னா அந்த ஊர் கோர்ட்லயே மனு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேணாம். சட்டப்படி 60 நாள்ல முடிக்கணும், ஆனா இழுக்கும், அதனால மனுவுலயே இடைக்கால உத்தரவு கேட்ருங்க. அடிக்கக் கூடாது, மாசச் செலவுக்கு பணம் குடுக்கணும், பிள்ளைங்க என்கிட்ட இருக்கணும்னு எல்லாமே கேக்கலாம். உத்தரவ மீறினாதான் அவருக்கு 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லனா 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம்.

"இது என் வீடு, வெளிய போடி"ங்குற மிரட்டல் இருக்கே, அதுக்கு பயப்படாதீங்க. நீங்க குடும்பம் நடத்துன வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் அங்க தங்க உரிமை கேக்கலாம்னு 2020லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. தங்கவே முடியாதுன்னா வாடகை கேளுங்க.

வக்கீலுக்கு காசில்லையா? கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் பண்ணாலும் போதும். தங்க இடமில்லனா ஒன் ஸ்டாப் சென்டர்ல (பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கான அரசு உதவி மையம்) சில நாள் இருக்கலாம், போலீஸ், டாக்டர், கவுன்சிலிங் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க.

இல்ல, கிரிமினல் கேஸே போடணும்னா மகளிர் ஸ்டேஷன் போங்க. புருஷனோ அவர் வீட்டு ஆளுங்களோ கொடுமை பண்ணா போடுற பழைய ஐபிசி 498ஏ பிரிவுதான் இப்ப பிஎன்எஸ்ங்குற புது கிரிமினல் சட்டத்துல பிரிவு 85, 3 வருஷம் வரைக்கும் தண்டனை. சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சீட்டு) வாங்காம எழுந்திரிக்காதீங்க, சமாதானம் பேசி ஏதாச்சும் பேப்பர் நீட்டுனா படிக்காம கையெழுத்து போடாதீங்க. கம்ப்ளைன்ட் எடுக்கலன்னா எஸ்பி ஆபீஸ், சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ்.

அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, நகை பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பிட்டு, உங்க போன்ல இருந்து அழிச்சிருங்க, அவர் நோண்டுவாரு.