சேற்றை அள்ளும் முன்: வெள்ள நிவாரணம் கேட்பது எப்படி?

வெள்ளம் வடிந்ததும் யாருக்கும் முதலில் வீட்டைக் கழுவத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். நிவாரணத் தொகை உங்கள் மனுவை வைத்து முடிவாவதில்லை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் நேரில் பார்த்து எழுதும் சேத விவரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. சுவரில் நீர் நின்ற கறைக்கோடு போய்விட்டால், தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சாட்சி இல்லை.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் படம் எடுங்கள், உயரம் தெரியும். வீட்டை நான்கு பக்கமும் எடுங்கள். ஒரு படத்திலாவது கதவு எண் தெரியட்டும். விழுகிற நிலையில் உள்ள சுவரை மட்டும் படம் எடுத்த கையோடு இடித்துவிடுங்கள். உயிர்தான் முக்கியம்.

அதிகம் பேர் ஏமாறுவது சேத வகையில். மாநில பேரிடர் நிவாரண நிதியின் 2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். கடுமையாகச் சேதமடைந்த வீடும் இதே வகைதான். 'பகுதிச் சேதம்' என்று எழுதிவிட்டால் கல்வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. ஒரே ஒரு சொல், எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! ஆகவே என்ன வகை எழுதினார்கள் என்று அங்கேயே கேளுங்கள். குடிசை போனால் 8,000.

மாடு இறந்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். தார்ப்பாயால் மூடிவைத்து, கால்நடை உதவி மருத்துவரை அழைத்துச் சான்று வாங்குங்கள். மாட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண்ணும் படத்தில் வரட்டும். கறவை மாட்டுக்கு 37,500 (மூன்று வரை), ஆட்டுக்கு 4,000.

பயிருக்கு நிவாரணம் வேண்டுமானால் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000. பயிர்க் காப்பீடு செய்தவர்கள், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல்மழையில் கெட்டிருந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனுவை இரண்டு பிரதியாக எழுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல் போதும். பயிருக்கு அடங்கலும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கின் நகல்) சேருங்கள். இல்லாத சேதத்தை எழுதவே வேண்டாம்: பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 52-ன்படி பொய்க் கோரிக்கைக்கு இரண்டாண்டு வரை சிறை.

நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். அப்படியும் பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு உங்கள் வீட்டுச் சேத அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.