80 லிட்டர் பவளத்தொட்டி: யாரைச் சேர்ப்பது, எந்த வரிசையில் சேர்ப்பது

சிறிய கடல்நீர்த் தொட்டியில் எந்தெந்த உயிர்கள் வாழப்போகின்றன என்ற பட்டியலை, முதல் மீனை வாங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். நன்னீர்த் தொட்டியில் ஒத்துவராத மீனை வலையால் அள்ளி வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். பாறை அடுக்கிய கடல்நீர்த் தொட்டியிலோ ஒரே ஒரு மீனைப் பிடிப்பதற்குப் பாறைகள் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டிவரும். அவற்றில் ஒட்டி வளர்ந்த பவளங்களும் அதில் குலைந்துபோகும். இரண்டடி நீளமும் சுமார் 80 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாறையும் மணலும் இடத்தை அடைத்த பிறகு அதில் உண்மையில் நிற்கும் நீர் 65 லிட்டர் அளவுதான் இருக்கும். அந்த நீருக்கு நான்கு சிறு மீன்கள் போதும். ஐந்தாவதைச் சேர்க்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

மீனுக்கு முன்

தொட்டியில் நீர் நிரப்பிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மீன் எதுவும் இருக்கக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையின் துளைகளில் பெருகுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். அவற்றுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சிறிதளவு ஊற்றலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யத்தைக் காட்டுமானால் தொட்டி முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இந்தக் காலத்தைக் கடத்துவதற்காக விலை மலிவான டேம்செல் மீன்கள் இரண்டைப் போட்டுவிடும்படி சில கடைகளில் சொல்வதுண்டு. அதைக் கேட்க வேண்டாம். அம்மோனியாவில் அந்த மீன்கள் வதைபடுவது ஒருபுறம் இருக்க, அதில் தப்பிப் பிழைப்பவை தொட்டி முழுவதையும் தம் எல்லையாக்கிக்கொண்டு, பின்னர் வரும் ஒவ்வொரு மீனையும் விரட்டிக் கடிக்கும்.

உப்பு கலக்கும் நீர், கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.-டி.ஐ. நீராக, அதாவது சவ்வில் வடிகட்டி அயனிகளையும் நீக்கிய நீராக இருக்க வேண்டும். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருப்பதால், அந்த நீரை அளந்து பார்க்காமல் பயன்படுத்தினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவில் நிலையாக இருக்கட்டும். ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. எனவே நாள்தோறும் குறையும் நீரை உப்பில்லாத ஆர்.ஓ.-டி.ஐ. நீரால் ஈடுசெய்ய வேண்டும். சிறிய தொட்டியில் இரண்டு நாள் மறந்தாலே உப்பு ஏறிவிடும்.

நம் ஊரில் வெப்பம் தனிச் சிக்கல். நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மீது சிறு விசிறி வீசச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்றாலும், காற்றிலேயே ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் ஆவியாதல் மந்தமாக இருப்பதால் அதன் பயனும் குறைவு. கோடையில் அறை 34 டிகிரியைத் தொடும் வீட்டில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதற்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே பவளத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பாறையைப் பொறுத்தவரை, உலர்ந்த பாறையோ வார்த்துச் செய்த செயற்கைப் பாறையோ போதுமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை அமைக்கும் கற்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ‘ராமேஸ்வரத்து லைவ் ராக்’ (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை) என்று யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் அதை வாங்குவது குற்றத்தில் பங்கெடுப்பதாகும்.

பாறைகளை அடுக்கும்போது அடிப்பாறைகள் மணல்மீது இல்லாமல் தொட்டியின் அடிக்கண்ணாடிமீதே அமர வேண்டும். மணலைப் பிறகு கொட்ட வேண்டும். இதற்கான காரணம் பின்னால் வரும் ஓர் இறால்.

முதலில் நத்தைகள்

முதிர்ந்த தொட்டியில் முதலில் பழுப்பு நிற டயாட்டம் என்னும் நுண்பாசி படியும். பிறகு பச்சைப் பாசி எட்டிப்பார்க்கும். மேயப் பாசி இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி என்பதால் நத்தைகளை அப்போது சேர்க்கலாம். கண்ணாடியையும் பாறையையும் மேயும் ட்ரோக்கஸ் நத்தைகள் மூன்று நான்கும், மணலைக் கிளறி மீந்த உணவைத் தின்னும் நசேரியஸ் நத்தைகள் இரண்டு மூன்றும் போதும். ட்ரோக்கஸ் கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா நத்தையால் பெரும்பாலும் அது முடியாது. கவிழ்ந்தே கிடந்து செத்து நீரைக் கெடுக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. துறவி நண்டுகள் பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. மணலைச் சலிக்கும் நட்சத்திர மீன் இந்த அளவுத் தொட்டியில் சில மாதங்களில் பட்டினியால் சாகும்.

உப்பும் வெப்பமும் ஒரு மாதமாக ஏறி இறங்காமல் நின்ற பிறகு க்ளீனர் இறால் ஒன்றோ இரண்டோ வரலாம். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இந்த லிஸ்மாட்டா அம்போய்னென்சிஸ் மீன்களோடு இணக்கமாக இருக்கும். சிவப்பும் வெள்ளையும் பட்டைபட்டையாக உள்ள பாக்சிங் இறால் அப்படியல்ல. சிறு தொட்டியில் மற்ற இறால்களைத் தாக்கும், உறங்கும் சிறு மீன்களையும் விட்டுவைக்காது.

நான்கு மீன்கள், அவற்றின் வரிசை

கூச்சம் மிகுந்தது முதலிலும், எல்லை பிடிக்கும் குணமுள்ளது கடைசியிலும் வர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே சிறு தொட்டிகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். பலரும் ஆசை தாளாமல் கோமாளி மீனைத்தான் முதலில் விடுகிறார்கள். அது சாவதில்லை என்பதால் அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் மூன்று மாதம் தனியாக ஆண்ட கோமாளி மீன், பிறகு வரும் ஃபயர்ஃபிஷ்ஷைப் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே விடாது.

எனவே முதலில் ஃபயர்ஃபிஷ் ஒன்று. வெள்ளை உடலும் சிவந்த வாலும் நீண்ட முதுகுத்துடுப்பும் கொண்ட இம்மீன் 8 செ.மீ. அளவுக்கு வளரும், யாரோடும் சண்டையிடாது, ஆனால் திடுக்கிட்டால் தொட்டிக்கு வெளியே குதித்துவிடும். மூடி இல்லாத தொட்டியில் இதை விடவே கூடாது. கண்ணாடிப் பலகை வெப்பத்தைத் தேக்கும் என்பதால், மெல்லிய வலை கட்டிய சட்டமே நம் வீடுகளுக்கு ஏற்ற மூடி.

மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு, உளுவை இனத்தைச் சேர்ந்த மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்றும், அதனுடன் குடித்தனம் நடத்தும் பிஸ்டல் இறால் ஒன்றும் வரட்டும். இந்தத் தொட்டியில் பார்க்கச் சலிக்காத காட்சி இந்த இணைதான். பார்வை மங்கிய இறால் ஓயாமல் மணலைத் தோண்டி வளை அமைக்கும்; வளைவாயிலில் மீன் காவல் நிற்கும்; இறால் தன் உணர்கொம்பு ஒன்றை எப்போதும் மீனின்மேல் வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை அசைக்கும், அடுத்த நொடி இரண்டுமே வளைக்குள். மணல்மீது அடுக்கிய பாறையின் அடியில் இந்த இறால் சுரங்கம் வெட்டினால் பாறை சரிந்து கண்ணாடி விரிசல் விடக்கூடும் என்பதற்காகவே, அடிப்பாறை கண்ணாடிமீது அமர வேண்டும் என்றேன். இறால் தோண்டுவதற்கு நுண்மணலோடு சிறு சிப்பித்துண்டுகளும் கலந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்கள் இரண்டு. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. இணையில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே இரண்டையும் குஞ்சுப் பருவத்திலேயே, ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கும்படி பார்த்து, ஒரே நாளில் விட வேண்டும். வளர்ந்த, ஒரே அளவுள்ள இரண்டைச் சேர்த்தால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாமல் போகலாம். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். அவ்வாறு பிறந்தவை குருணைத் தீவனத்துக்குப் பழகியவை, நோயும் குறைவு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செபே, கிளார்க்கி வகைகள் 15 செ.மீ. அளவுக்கு வளர்ந்து முரடாகிவிடும் என்பதால் இந்தத் தொட்டிக்கு ஆகா.

கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி தேவை என்பது பலரின் எண்ணம். தொட்டியில் அதற்கு அப்படி ஒரு தேவையே இல்லை. கடற்சாமந்தி இடம் மாறி நகரும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் சிக்கிச் சிதைந்தால் ஒரே இரவில் நீர் முழுதும் நஞ்சாகும். கம்பள வகையோ ஃபயர்ஃபிஷ்ஷையே விழுங்கிவிடும்.

அழகில் மயங்கி வாங்கிவிடக் கூடாதவற்றில் முதலிடம் மாண்டரின் மீனுக்கு. அது பாறையில் ஊரும் நுண்ணிய கோபிபாடுகளை நாள் முழுதும் கொத்தித் தின்று வாழ்வது. புதிய சிறு தொட்டியில் அந்த உணவு சில வாரங்களில் தீர்ந்து, மீன் மெலிந்து சாகும். நீல டேங் முழு வளர்ச்சியில் 30 செ.மீ. வரும். ஆறுகோட்டு ரேஸ் சிறியதுதான், ஆனால் பின்னால் வரும் எதையும் நிம்மதியாக இருக்க விடாது.

பவளங்கள்

சட்டமும் தொட்டியின் வயதும் சேர்ந்து நம்மை மென்பவளங்கள் பக்கமே திருப்புகின்றன. தொடங்குபவருக்கு அது இழப்பும் அல்ல. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10 வரையிலும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையிலும் இருந்தால் இவை நன்றாக விரியும்; இரண்டையும் பூஜ்யமாக்க முயல்வது டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் வழவழப்பான பழுப்புப் படலத்துக்கு வழிவிடும். ஒளி மங்கிய கீழ்ப்பகுதியில் மஷ்ரூம் பவளமும், நடுவில் ஜோவாந்திடுகளும், மேலே சிறிய லெதர் பவளம் ஒன்றும் இருக்கலாம். லெதர் பவளம் பிற பவளங்களை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் கசியவிடுவதால் அவற்றை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனை மாதந்தோறும் மாற்றிவர வேண்டும். சீனியா பவளம் வேகமாகப் பரவும். வேண்டுமென்றால் மற்றவற்றைத் தொடாத தனிப்பாறையில் வைக்கலாம். ஜோவாந்திடுகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் கொதிநீரில் போடக் கூடாது, ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

வாங்கி வந்த பிறகு

ஒவ்வொரு மீனும் முதலில் பாறையும் மணலும் இல்லாத, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் மட்டும் உள்ள தனித்தொட்டியில் நான்கு வாரம் இருக்க வேண்டும். வெண்புள்ளி நோய் தென்பட்டால் தாமிர மருந்தை அங்கேதான் பயன்படுத்தலாம். பவளத்தொட்டியில் அதைக் கலந்தால் நத்தையும் இறாலும் பவளமும் மடியும்.

ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்துவதற்காகப் பல கடைகளில் மீன்தொட்டியின் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள் என்பதால், பையிலுள்ள நீரின் உப்பைத் தவறாமல் அளந்து, தனித்தொட்டியின் நீரை முன்கூட்டியே அதே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் மீனை உடனே மாற்றிவிடலாம். வெளியூரிலிருந்து நெடுநேரம் பயணித்து வந்த பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பது மீனுக்குக் கேடாகும்; காற்றுப் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நீரின் பி.எச். உயர, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும். இறால்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உப்பின் சிறு மாற்றமும் அவற்றைக் கொல்லும் என்பதால் உள்ளூர்க் கடையிலிருந்தே வாங்கி, ஒரு மணி நேரமாவது சொட்டு முறையில் பழக்க வேண்டும். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாமல் உயிரை மட்டும் மாற்றி, அன்று விளக்கை அணைத்துவைத்து, மறுநாள் காலையில் சிறிது மைசிஸ் இறால் தீவனம் இட்டுப் பார்க்கலாம்.