‘முரடன்’, ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர் வைக்கும் முன்: மொழிச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் பள்ளியில் செய்யும் தவறுகள்

இடைவேளையில் சுவரோரம் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, பேச்சுக்கு முன்னால் கையை ஓங்கிவிடும் பிள்ளை, இரண்டு பேருக்குமே சிக்கல் மொழியில் இருக்கலாம். காது நன்றாகக் கேட்கும். ஆனால் சொன்னதைப் புரிந்துகொள்வதும் நினைத்ததை வாக்கியமாக்குவதும் கடினம். இதை வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்கிறார்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 7 சதவீதப் பிள்ளைகளிடம் இது தெரிந்தது. அந்தக் கணக்குப்படி 30 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

அதிகம் காயப்படுத்தும் தவறு சண்டை விசாரணையில் நடக்கிறது. “ஏன்டா அடிச்சே?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, நடந்ததை வரிசையாக நினைவுகூர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அதுவும் கோபமாக நிற்கும் ஆசிரியர் முன்னால். வாய்த்திறமை உள்ளவன் கதையை முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். இவன் மௌனம் குற்ற ஒப்புதல் ஆகிவிடும். நாலு முறை இப்படி நடந்தால், சொல்லிப் பயனில்லை என்றே பிள்ளை கற்றுக்கொள்கிறது.

முதலில் பத்து நிமிடம் ஆற விடுங்கள். தனியாக அழைத்து, சண்டை நடந்த இடத்துக்கே போய், “நீ எங்கே நின்னே? காட்டு” என்று தொடங்குங்கள். தாளில் குச்சி மனிதர்கள் வரைந்தும் கேட்கலாம். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால், “பந்தைப் பிடுங்கினானா, தள்ளினானா, வேற ஏதாவதா?” என்று கேளுங்கள். அந்த ‘வேற ஏதாவதா’ முக்கியம். அது இல்லாவிட்டால் தப்பித்தால் போதுமென்று பிள்ளை இரண்டில் ஒன்றுக்குத் தலையாட்டிவிடும்.

தண்டனையாக இடைவேளையை வெட்டாதீர்கள். சக பிள்ளைகளோடு பேசிப் பழகக் கிடைப்பதே அந்தச் சில நிமிடங்கள்தான்.

“போய் எல்லாரோடயும் விளையாடு” என்று தள்ளிவிடுவதும் உதவாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் நுழைய, விதி தெரிய வேண்டும், சரியான நொடியில் கேட்க வேண்டும், கிண்டல் புரிய வேண்டும். அதற்குப் பதில் பொறுமையான ஒரே ஒரு பிள்ளையோடு 15 நிமிடம் சேர்த்துவிடுங்கள்: கேரம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நோட்டு விநியோகம். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குச் சுமை குறையும். “நானும் வரட்டுமா?”, “அடுத்தது நானா?” போன்ற வாக்கியங்களை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

“கணக்கு நோட்டை உள்ள வெச்சுட்டு, தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி தேதி எழுதுங்க.” ஒரே மூச்சில் நாலு வேலை, கடைசி இரண்டும் தலைகீழ் வரிசையில். பிள்ளை பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்க்கும். ‘காப்பியடிக்கிறான்’ என்று திட்டு விழும். செய்யவேண்டிய வரிசையிலேயே, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்றால் எல்லாத் தலையும் ஆடும். செய்துகாட்டச் சொல்லுங்கள்.

“நேத்து கடைக்குப் போவேன்” என்றால் வகுப்பு முன் திருத்தாமல், “ஓ, நேத்து கடைக்குப் போனியா?” என்று சரியான வடிவத்தைக் காதில் போட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

தமிழை நிறுத்திவிட்டு வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுவதும் தவறு. இரண்டு மொழி பழகுவதால் இந்தக் கோளாறு வருவதில்லை. இருந்தால் இரண்டிலுமே தெரியும். தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேச இருந்த ஒரு வழியும் அடைபடும், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் முதலில் செவித்திறன் பரிசோதனை, பிறகு பேச்சு-மொழிப் பயிற்சியாளர். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதற்கு வழி உண்டு. போகும்போது, பிள்ளை இரண்டு வாரத்தில் சொன்ன வாக்கியங்களை அப்படியே, திருத்தாமல், எழுதி எடுத்துப்போங்கள்.