கல்லூரிப் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு: எங்கே தவறு நடக்கிறது?

போன ஜூன் மாதம் என் அக்கா மகளின் பாஸ்புக்கை என்ட்ரி போட கும்பகோணத்துக் கிளைக்கு எடுத்துப் போனேன். அச்சாகி வந்த பக்கத்தில் நான்கு வரிகள் கண்ணில் பட்டன. மூன்று வரிகளில் தலா 118 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. நான்காவது வரியில் வட்டி 11 ரூபாய் வரவு. இருப்பு குறைந்ததற்கு மாதம் 100 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கல்லூரியில் சேர்ந்த அன்றே வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் தொடங்கிய கணக்கு அது. வட்டி அதிகம் என்று சொன்னார்களாம்.

மாணவர்கள் கணக்குத் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் முதல் தவறு, வட்டியைப் பார்ப்பதுதான். சராசரியாக 4,000 ரூபாய் இருக்கும் கணக்கில் 2.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 100 ரூபாய் வரும். 4 சதவீதம் என்றால் 160. வித்தியாசம் 60 ரூபாய். ஒரே ஒரு மாத அபராதம் அதை விழுங்கிவிடும். மாணவர் பார்க்க வேண்டியது கணக்கிலிருந்து என்னென்ன போகும் என்பதைத்தான்: இருப்பு குறைந்தால் எவ்வளவு, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு, எஸ்எம்எஸ்ஸுக்கு எவ்வளவு.

டெல்டா பிள்ளைகளுக்கு இந்த மினிமம் பேலன்ஸ் விஷயம் கூடுதலாக இடிக்கும். தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் அப்பா கணக்கில் விழும். அதிலிருந்து பிள்ளைக்கு ஒரு தொகை வரும். கட்டணம் கட்டியதும் கரைந்துவிடும். அப்புறம் குறுவை அறுக்கும் வரை இருநூறு, முந்நூறு என்றுதான் ஓடும். வங்கி பார்ப்பது பெரும்பாலும் மாத சராசரியை. 2,000 ரூபாய் சராசரி வேண்டும் என்றால், 30 நாள் இருப்பையும் கூட்டினால் 60,000 வர வேண்டும். 20,000 ரூபாய் மூன்று நாள் கணக்கில் இருந்தாலே அந்த மாதத்துக்குப் போதும். பணம் வந்த மாதம் தப்பித்துவிடும், வராத மாதங்கள்தான் மாட்டும். என் அக்கா மகளுக்கு மாட்டியதும் அப்படி மூன்று மாதங்கள்.

இதற்கு நேரான வழி அடிப்படை சேமிப்புக் கணக்கு. ஜீரோ பேலன்ஸ், ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை பணம் எடுக்கலாம். எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால்தான் கொடுப்பார்கள், அதனால் தயங்காமல் கேளுங்கள். ஒரே வங்கியில் இதோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-ல் எடுத்தன.

அடுத்தது போன் நம்பர். இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் போட வேண்டும். எங்கள் பிள்ளைக்கும் தகவல் போயிருக்கிறது, ஆனால் அவள் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சிம்முக்கு. சிம் மாற்றினால் அந்த வாரமே கிளையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

போனிலேயே ஆதார் ஓடிபி போட்டு ஐந்து நிமிடத்தில் தொடங்கும் கணக்கு வசதிதான். ஆனால் நேரிலோ வீடியோவிலோ முழு கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காவிட்டால் அது ஓராண்டுக்குத்தான், இருப்பும் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மூன்றாம் செமஸ்டர் கட்டணம் கட்டும் நேரத்தில் கணக்கு முடங்கி நின்றால் யாரிடம் ஓடுவது?

படிவத்தில் கையெழுத்துப் போடும்போது காப்பீட்டுக் கட்டங்களைப் பாருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டும் மத்திய அரசின் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீடும் நல்ல திட்டங்கள்தான். 20 ரூபாய்த் திட்டத்தை நானே சேரச் சொல்வேன். ஆனால் தெரிந்து சேர வேண்டும். ஆண்டுதோறும் மே கடைசியில் தானாகவே கழியும்.

ஊர் கூட்டுறவு சங்கத்தில் போடலாமே என்று தாத்தாக்கள் சொல்வார்கள். வங்கிகளில் போடும் பணத்துக்கு, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி உட்பட, 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் போடுவதற்கு அந்தக் காப்பீடு இல்லை. அஞ்சலகத்தில் 500 ரூபாய் இருப்பு வைத்தால் 4 சதவீதம் கிடைக்கும். இரண்டாவது கணக்காக அது நல்லது.

கணக்கை இன்னொருவருக்குக் கமிஷனுக்குக் கொடுப்பதை வெறும் தவறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை. மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் வந்து நிற்பது கணக்குக்காரர் வீட்டு வாசலில். அப்படி எதுவும் நடந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: ஆதார் இணைப்பு. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போகும். கணக்குத் தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று இணைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் கொடுக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தோமோ அங்கேதான் பணம் விழும். ஆதார் இணையதளத்திலேயே அது எந்த வங்கி என்று பார்க்கலாம்.

என் அக்கா மகள் புதுக் கணக்கையே பார்த்துவிட்டு, தனக்குப் புதுமைப்பெண் பணம் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கில் ஏழு மாதப் பணம், 7,000 ரூபாய், அப்படியே இருந்தது. 18 வயது முடிந்தும் அதைப் பெரியவர் கணக்காக மாற்றாததால் எடுக்கவும் முடியவில்லை. புது போட்டோ, புதுக் கையெழுத்து, ஆதார் நகல் கொடுத்தோம், சரியாகிவிட்டது. அபராதம் பிடித்த கணக்கை அன்றே மூடிவிட்டு, பள்ளிக்கூடக் கணக்கையே வைத்துக்கொண்டாள்.