கருப்பு வானம் சாம்பலானால்

கும்பகோணத்து வீட்டில் விண்வெளிப் படத்தின் ப்ளூரே போட்டால் கருப்பு வானம் சாம்பலாக வெளுத்தது. டிஸ்க் நல்ல டிஸ்க்தான். 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவில் பிளேயர் கருப்பை 16 என்று அனுப்ப, டிவியோ 0தான் கருப்பு என்று எடுத்துக்கொண்டது. டிவி செட்டிங்கில் ஹெச்டிஎம்ஐ (பிளேயரை டிவியோடு இணைக்கும் கேபிள் வழி) பிளாக் லெவலை 'லோ'வுக்கு மாற்றியதும் வானம் கறுத்தது. (சில டிவியில் இதன் பெயர் 'ஆர்ஜிபி ரேஞ்ச்', அங்கே 'லிமிடெட்' வைக்க வேண்டும்.) தலைகீழாக, பிளேயர் 0 என்று அனுப்பி டிவி 16தான் கருப்பு என்று எடுத்துக்கொண்டால், மங்கலான நட்சத்திரங்கள் கருப்பில் மூழ்கிவிடும். அது இன்னும் மோசம்.

கேமரா மெல்ல நகரும்போது படம் விட்டுவிட்டு ஓடினால் பிளேயரில் 24பி அவுட்புட்டை (நொடிக்கு 24 ஃபிரேம் அப்படியே அனுப்புவது) ஆன் செய்யுங்கள். 24 ஃபிரேமை 60க்குள் அடைப்பதால் வரும் வெட்டு அது. டிவியே இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங் வேண்டவே வேண்டாம், படம் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

வசனம் அமுங்கியதற்கு, சவுண்ட்பாரில் வசனம் வரும் சென்டர் சேனலை 3 டெசிபல் ஏற்றினேன். ப்ளூரேயின் தரம் குறையாத ஒலியான டால்பி ட்ரூஹெச்டி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் சாதாரண ஏஆர்சி வழியாகப் போகாது. பிளேயரை நேராக சவுண்ட்பாரில் செருகுங்கள், இல்லாவிட்டால் டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

ஐப்பசி மழை ஈரத்தில் டிஸ்கில் பூஞ்சை படரும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கணும், வட்டமாக அல்ல.