ரூட் பண்ணலாமா? முதலில் எந்தப் போன் என்று சொல்லுங்கள்

ரூட் பண்ணுவது என்றால், கம்பெனி பூட்டி வைத்திருக்கிற போனின் உள் அதிகாரம் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்வது. ஜிபேயும் பேங்க் ஆப்பும் ஓடிபி வருகிற சிம்மும் இருக்கிற போனை ரூட் பண்ணாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கம்பம், கூடலூரில் இருந்து விடிகாலை ஜீப் பிடித்துக் குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி வந்து விழுவதும் அந்தப் போனில்தான், இறங்கி வந்து மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணுவதும் அதில்தான், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதும் அதில்தான். பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டு நிற்கும்போது "உங்கள் சாதனம் பாதுகாப்பானது இல்லை" என்று ஆப் மூடிக்கொண்டால், அங்கே நின்று மேஜிஸ்க் (ரூட் அனுமதியைக் கையாள்கிற ஆப்) செட்டிங்ஸைத் தோண்ட முடியாது. பேங்க் வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறது என்றும் நினைக்க வேண்டாம். ரூட் ஆன போனா என்று ஆப் சோதித்து, அப்படியென்றால் ஓடவிடாமல் தடுப்பதற்கான வழியை ஆராயும்படி ரிசர்வ் வங்கியே 2021-இல் வெளியிட்ட டிஜிட்டல் பேமெண்ட் பாதுகாப்பு விதிகளில் சொல்லியிருக்கிறது. கூகுள் பக்கம் பிளே இன்டெக்ரிட்டி என்று ஒரு சோதனை இருக்கிறது, போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றுகிற பூட்லோடரின் பூட்டு திறந்திருந்தாலே அதில் மாட்டுவீர்கள். மறைத்து ஓட்ட வழி இல்லாமல் இல்லை, ஆப்பிடமிருந்து ரூட்டை மறைக்கிற டினைலிஸ்ட், மேஜிஸ்க்கில் சேர்க்கிற அந்த மாட்யூல் இந்த மாட்யூல் என்று நிறைய உண்டு, ஆனால் இன்றைக்கு ஓடும், ஆப் அப்டேட் ஆனதும் நாளைக்கு நிற்கும். இந்தக் கண்ணாமூச்சி பிடித்தவர்கள் ஆடட்டும், சம்பளம் வருகிற போனில் வேண்டாம்.

சரி, அப்படி என்னதான் நடக்கிறது ரூட் பண்ணினால்? ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல், போனையும் ஆப்களையும் நிர்வகிக்கிற மையம். நீங்கள் போடுகிற ஒவ்வொரு ஆப்புக்கும் அது தனியாக ஒரு யூசர் எண் கொடுத்து, தனி ஃபோல்டரில் உட்கார வைக்கிறது, ஒன்றின் ஃபோல்டரை இன்னொன்று திறக்க முடியாது. எஸ்டேட் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பூட்டு இருக்கிற மாதிரி. ரூட் என்பது பூஜ்ஜியம் எண் கொண்ட யூசர், எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு. ஒரு உதாரணம் போதும்: வாட்ஸப் தன் சாட் பேக்கப்பைப் பூட்டி வைக்கிற சாவி, அதன் சொந்த ஃபோல்டருக்குள் சும்மா ஒரு ஃபைலாகக் கிடக்கிறது. சாதாரண போனில் வேறெந்த ஆப்பும் அதைத் தொட முடியாது. ரூட் அனுமதி கொடுத்த ஆப் ஒரு நொடியில் நகல் எடுத்துவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சுதந்திரமும் ஆபத்தும் வேறு வேறு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான், உங்கள் பேக்கப்பை முழுசாக எடுக்க உதவுவதும் அதே கதவுதான்.

ஆனால் ரூட் வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரூட்டே தேவையில்லை. கம்பெனி திணித்து அனுப்பிய ஆப்களைத் தூக்க வேண்டும், அவ்வளவுதானே? செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுங்கள், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணிக் கம்ப்யூட்டரில் இணைத்தால் ஏடிபி என்கிற கட்டளைக் கருவி வழியாகவே அவற்றை உங்கள் யூசரிலிருந்து நீக்கிவிடலாம். சிஸ்டத்தில் மூலம் அப்படியே இருக்கும், ஃபேக்டரி ரீசெட் போட்டால் திரும்பி வந்துவிடும், ஆகவே பெரிய ஆபத்து இல்லை, கண்ட சிஸ்டம் ஆப்பையும் தூக்காத வரைக்கும். கம்ப்யூட்டர் இல்லையா, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் வயர்லெஸ் டீபக்கிங்கும் ஷிசுகு ஆப்பும், அதன் வழியாக நீக்கித் தருகிற இன்னொரு ஆப்பும் போதும். விளம்பரத் தொல்லைக்கு, ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற சேவை) இருக்கிறது, விளம்பரத்தைத் தடுக்கிற டிஎன்எஸ் முகவரி ஒன்றை அதில் போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதில் போகாது, ரூட்டில், தளங்களைத் தடுக்கப் பயன்படுகிற ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றினாலும் போகாது.

பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு வேண்டும் என்பவருக்கும் ஒரு விஷயம். லீனியேஜ் ஓஎஸ் மாதிரி கஸ்டம் ரோம் (கம்பெனி தராத, வெளியார் செய்த ஆண்ட்ராய்டு) போட பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் கட்டாயம் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

அப்போ ரூட் எங்கே உண்மையாகவே பயன்படுகிறது என்றால், டிராயரில் சும்மா கிடக்கிற அந்த இரண்டாவது போனில். நம் ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. தோட்டத்து வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஜன்னல் ஓரம் ஒன்றுதான், அங்கே ஒரு பழைய போனை சார்ஜரிலேயே சொருகி ஹாட்ஸ்பாட்டாக விட்டுவைப்பவர்கள் உண்டு. இருபத்து நாலு மணி நேரமும் நூறு சதவீத சார்ஜில் நின்றால் பேட்டரி உப்பி பின்பக்க மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். ஏசிசி என்கிற ரூட் கருவியைப் போட்டு எழுபதில் நிறுத்து, அறுபதுக்கு இறங்கினால் மறுபடி ஏற்று என்று சொல்லிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். புதிய போன்கள் சிலவற்றில் எண்பதில் நிறுத்துகிற வசதி வந்துவிட்டது, பழசில் பெரும்பாலும் இதுதான் வழி. எந்த ஆப் டேட்டா இழுக்கலாம் என்பதைக் கர்னல் மட்டத்திலேயே தடுக்கிற ஏஎஃப்வால், ஆப்பை அதன் உள் டேட்டாவோடு பேக்கப் எடுக்கிற நியோ பேக்கப், இவையும் அந்த வகைதான்.

அடுத்து, எந்தக் கம்பெனி போன் என்பது. பிக்சல், ஒன்பிளஸ், மோட்டோரோலாவில் பல மாடல்கள் பூட்லோடரைத் திறக்க விடும். ஷாவ்மியில் அக்கவுண்டை இணைத்து, அனுமதி கேட்டு, காத்திருக்க வேண்டும். விவோ, ஓப்போ பெரும்பாலும் விடாது, அதற்கு வழி இருக்கிறது என்று காசு கேட்கிறவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் நாக்ஸ் என்று உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, வெளி ஆள் செய்த சாஃப்ட்வேரைப் போட்டு அது ஒரு தடவை விழுந்தால் விழுந்ததுதான், பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது. கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரே தட்டில் ரூட் என்று வருகிற கிங்ரூட் மாதிரி ஆப்களின் பக்கமே போகாதீர்கள். போனில் இருக்கிற ஓட்டை வழியாக உள்ளே நுழைவதுதான் அவற்றின் முறை. நுழைந்த பின் வேறென்ன செய்தது என்று உங்களால் பார்க்க முடியாது.

இனி வேலை. பூட்லோடர் திறக்கும்போது போன் முழுக்க அழிந்துவிடும், இது எச்சரிக்கைக்குச் சொல்வதில்லை, வடிவமைப்பே அப்படித்தான், எனவே போட்டோ, நம்பர், சாட் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் பண்ணி, போனை ஃபாஸ்ட்பூட் மோடில் (ஆண்ட்ராய்டு ஏறும் முன்பே கம்ப்யூட்டரின் கட்டளையை ஏற்கிற நிலை) வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து அன்லாக் கட்டளை கொடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கட்டளை மாறும், உங்கள் மாடலுக்கு உள்ளதைப் பாருங்கள். அப்புறம், உங்கள் போனில் இப்போது ஓடுகிற அதே பில்ட் நம்பரின் ஃபர்ம்வேரை, அதாவது கம்பெனியின் சிஸ்டம் சாஃப்ட்வேரை, இறக்குங்கள். அதே மாடல், வேறு பில்ட் என்றால் போதாது, எண் எழுத்து ஒன்றுவிடாமல் பொருந்த வேண்டும், லோகோவிலேயே நிற்கிற போன்களில் நிறைய இந்த அவசரத்தில் மாட்டியவைதான். அதற்குள்ளிருந்து பூட் இமேஜை, போனை எழுப்புகிற ஃபைலை, எடுக்க வேண்டும், ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த போன்கள் முதல் பெரும்பாலும் இனிட்பூட் இமேஜை. அதைப் போனில் ஏற்றி, மேஜிஸ்க் ஆப்பில் கொடுத்து ரூட் சேரும்படி பேட்ச் பண்ணி, வருகிற புது ஃபைலைக் கம்ப்யூட்டருக்குத் திரும்ப எடுத்து, ஃபாஸ்ட்பூட்டில் அதே பார்ட்டிஷனில் (போன் சேமிப்பின் தனிப் பகுதி) ஃபிளாஷ் பண்ணினால், அதாவது எழுதினால், முடிந்தது. மேஜிஸ்க்கை அதை எழுதிய ஜான் வூவின் கிட்ஹப் பக்கத்தில் மட்டும் எடுங்கள், அதே பெயரில் நடத்துகிற தளங்கள் எதுவும் அவருடையது இல்லை.

பேட்ச் பண்ணாத அசல் பூட் இமேஜை அழிக்காதீர்கள். லோகோவில் நின்றுவிட்டால் அதைத் திரும்ப ஃபிளாஷ் பண்ணினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எழுந்ததும் முதல் காரியமாக இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் மாதிரி பார்ட்டிஷன்களை நகலெடுத்துப் போனுக்கு வெளியே வையுங்கள். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), சிக்னல் சம்பந்தப்பட்டது அங்கேதான் இருக்கிறது, அது போனால் சிம் போட்டாலும் நெட்வொர்க் இருக்காது. உங்கள் போனின் எண்ணை அதற்கே மீட்பது வேறு, வேறொரு ஐஎம்இஐ எழுதுவது வேறு. பின்னது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதன் பிறகு போன் ஆன் ஆகும்போதெல்லாம் பூட்லோடர் திறந்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கைத் திரை வரும், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். ஓர் ஆப் ரூட் கேட்டால் மேஜிஸ்க் ஒரு பெட்டியைக் காட்டும், அனுமதியா மறுப்பா என்று, பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். நீங்கள் தொடாமல் விட்டால் அது தானே மறுத்துவிடும். டார்ச் ஆப்பும் கீபோர்டும் ரூட் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிட்டு அழித்துவிடுங்கள். சிஸ்டம் அப்டேட் வந்தால் சும்மா தட்டாதீர்கள், பல போன்களில் மேஜிஸ்க்கில் இமேஜை மீட்டுவிட்டு, அப்டேட் போட்டு, மறுபடி பேட்ச் பண்ண வேண்டிவரும். சில மாடல்களில் நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டியும் போய்விடும்.

விற்கப் போகிறீர்களா, மேஜிஸ்க்கில் முழு அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்பெனியின் அசல் ஃபர்ம்வேரை முழுசாக ஃபிளாஷ் பண்ணி, போன் ஒரு தடவை சரியாக ஆன் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் பூட்லோடரைத் திரும்பப் பூட்டுங்கள். கஸ்டம் ரோமோ பேட்ச் பண்ணின இமேஜோ உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் பெரும்பாலும் அங்கேயே பிரிக் ஆகிவிடும், அதாவது ஆன் ஆகாத செங்கல் மாதிரி, வாங்க வந்தவர் முன்னாலேயே ஆனாலும் ஆகும்.