ரீபூட்டுக்குப் பின் மட்டும் அறுந்துபோன தரவுத்தள இணைப்பு

செயலி ஒரு சர்வரிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மற்றொன்றிலுமாக இருக்க, இரண்டையும் வயர்கார்டு என்ற விபிஎன் வழியே தனி நெட்வொர்க்கில் இணைத்திருந்தேன். போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் (அதே சர்வருக்குள், 127.0.0.1 முகவரியில்) மட்டுமே இணைப்புகளை ஏற்கும் என்பதால், அதன் முகவரிப் பட்டியலில் 10.8.0.2 என்ற தனி ஐபியையும் சேர்த்து, அனுமதிக் கோப்பில் செயலி சர்வரின் 10.8.0.1/32 முகவரிக்கு மட்டும் வழிவிட்டேன். எல்லா முகவரிகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை இட்டுவிட்டு ஃபயர்வாலை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் பொது ஐபியில் தெரியவே கூடாது.

இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால், தரவுத்தள சர்வரை ரீபூட் செய்ததும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற பிழை வந்தது. தரவுத்தளமோ இயங்கிக்கொண்டுதான் இருந்தது. திறந்திருந்த போர்ட்டுகளைப் பட்டியலிட்டபோது, 5432-க்கு எதிரே 127.0.0.1 மட்டுமே இருந்தது. 10.8.0.2 முகவரியைப் பிடிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை லாக்கில் பதிவாகியிருந்தது.

வயர்கார்டு எழுவதற்கு முன்பே போஸ்ட்கிரெஸ் தொடங்கியதுதான் காரணம். பட்டியலில் ஒரு முகவரியாவது கிடைத்துவிட்டால், அது மற்றதைக் கைவிட்டு இயங்கத் தொடங்கிவிடும். பிறகு தானாக மீண்டும் முயல்வதில்லை.

ஆகவே, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அமைப்பில், வயர்கார்டு சேவைக்குப் பின்னரே போஸ்ட்கிரெஸ் தொடங்க வேண்டும் என்று 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' ஆகிய இரு வரிகளைச் சேர்த்தேன். டெபியனிலும் உபுண்டுவிலும் பொதுப்பெயரில் உள்ள போஸ்ட்கிரெஸ் சேவை தானே தரவுத்தளத்தை இயக்காத வெறும் உறையே என்பதால், பதிப்பு எண்ணைத் தாங்கிய சேவையில்தான் இவற்றை எழுத வேண்டும். அடுத்த ரீபூட்டில் இரு முகவரிகளும் பட்டியலில் தெரிந்தன.